எந்த வெளிச்சத்தில் பார்த்தாய்?



திருவண்ணாமலையில் வெளிச்சத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கார்த்திகையில் 2668 அடி மலை உச்சியில் தீபம். கீழே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக விளக்குகள். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில், நிலாக் காயும் ராத்திரிகளில் எண்ணெய் மிச்சம் பிடிக்கத் தெருவிளக்கு ஏற்றாமல் விடுவது பல நகராட்சிகளின் வழக்கம். நம்ம ஊரில் தலைகீழ். பௌர்ணமி நெருங்கும்போதுதான் எது எரியுது, எது எரியல என்ற அக்கறை வருகிறது. அமாவாசையன்று ஒரு காலனிக்குள் போய்ப் பாருங்கள்.

பாதைக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறுங்காலோடு சுற்றி வருகிற கூட்டத்தில் நம்ம அம்மாவும் ஆயாவும் இருக்கிறார்கள். கேள்வி வேறு. எந்த மன்றத்திலும் ‘பிரதான சாலைக்கு விளக்கு அமைத்தல்’ என்று ஒரு பொருள் வரும், ரெண்டு நிமிஷத்தில் பாஸாகும். யாருக்குப் பிரதானம்? இதைக் கேட்க வேண்டிய தனி வார்டு உறுப்பினர், நம்மாள், கையைத் தூக்கிவிட்டு டீ குடிக்க வெளியே வந்துவிடுகிறார். தனித்தொகுதியாக்கப்பட்ட ஒரு ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகத்தான் 1997-இல் மேலவளவு முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை, உறுப்பினர் ஐயா, உள்ளே உட்காருங்கள்.

நான் பார்த்த ஊர்களில் ஊர்த்தெரு முடிகிற இடத்தில் கடைசி விளக்கு. அங்கிருந்து ரோடு சேரிப் பக்கம் திரும்பும். இருட்டும் கூடவே திரும்பும். டியூஷன் முடிந்து வருகிற பெண் பிள்ளை அந்த வளைவில் ஓடித்தான் கடக்கிறாள். பாம்புக்குப் பயந்து மட்டும் இல்லை, பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பயந்தும்தான்.

அடி விழுந்த பிறகு என்ன ஆகிறது? 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு என்றே வைத்துக்கொள்வோம். போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டியிருக்கும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் நம்ம சாட்சியைக் கேட்பார்: “ராத்திரி பத்து மணிக்கு எந்த வெளிச்சத்துல ஆளைப் பார்த்தே?” கம்பம் இல்லை, அல்லது கம்பம் இருந்து பல்பு இல்லை என்றால் சாட்சி அங்கேயே தடுமாறும். அடித்தவன் பேர், அப்பன் பேர், வீட்டு வாசல் எல்லாம் தெரிந்தும், “இருட்டுல அடையாளம் தெரிஞ்சிருக்க முடியாது” என்று கேஸ் கரைகிறது. தெருவிளக்கு நமக்கு வசதி மட்டுமா? அது சாட்சி. அதனால்தான் சில இடங்களில் பல்பு போட்ட மறுநாளே கல்லடி படுகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

நம்ம பக்கம் கரண்ட் வரவே வராது என்றும் சொல்ல முடியாது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தீண்டாமைச் சுவர்மேல் தலித்துகள் ஏறக்கூடாது என்று கம்பியில் மின்சாரம் பாய்ச்சியிருந்தது 2008 ஏப்ரலில் வெளியே வந்தது. மே 6-இல் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள்.

1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110, பொதுச்சாலைக்கு விளக்குப் போடுவதை ஊராட்சியின் கடமை என்கிறது. ‘நிதிக்கு உட்பட்டு’ என்று ஒரு வார்த்தையும் அதில் இருக்கிறது. எல்லோரும் நுழைந்து தப்பிக்கிற சந்து அதுதான். வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஊராட்சியின் ரெண்டாம் நம்பர் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் உரியது. அந்தக் கணக்குப் பணத்தில் ஊர்ப்பணம், சேரிப்பணம் என்று கிடையாது.

திருவண்ணாமலை நகராட்சி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறினால் போதாது, பட்டியல் மாற வேண்டும். மாணவத் தோழர்கள் வருகிற அமாவாசையன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். ஊர்த்தெருவிலிருந்து சேரிக்கும், சேரியிலிருந்து நம் சுடுகாட்டுக்கும் நடங்கள். எரிகிற விளக்கு, எரியாத விளக்கு, கம்பமே இல்லாத தூரம் மூன்றையும் எழுதுங்கள். பத்து ரூபாய் கட்டி, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி தெருவாரியாக விளக்குப் பட்டியல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ரெண்டையும் கம்ப எண்ணோடு நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் கவிதைக்கு ஒதுக்கிய பக்கங்களில் அதைப் போடுகிறோம். என் கவிதை காத்திருக்கும்.