வாய் திறந்த சிறுவன்

கொலையைக் கண்ட சிறுவன் ஒருவனின் கதையைப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கலாமா என்று தயங்கும் பெற்றோர் பலர். மர்மக் கதை, துப்பறியும் கதை என்ற மாத்திரத்திலேயே முகஞ் சுளிப்பதும், பிள்ளை உறங்கியபின் அதே நூலைத் தாமே எடுத்து நள்ளிரவு வரை வாசிப்பதும் நம் வீடுகளிற் காணாத காட்சியல்ல. இவ்வாரம் நாம் எடுத்துக் கொண்ட நூல் புதியதன்று. 1876 ஆம் ஆண்டில் மார்க் டுவெயின் என்னும் அமெரிக்க ஆசிரியர் வெளியிட்ட ‘ரொம் சோயரின் சாகசங்கள்’ என்பதே அது. இந்நூலின் பெயரைக் கேட்டதும் மாணவர்களுக்கு வேலிக்கு வெள்ளையடிக்கும் வேடிக்கைதான் நினைவுக்கு வரும். அந்த வேடிக்கை இரண்டாம் அத்தியாயத்தோடு முடிந்து விடுகிறது. வாசகனை இறுதிவரை விடாது இழுத்துச் செல்வது ஒன்பதாம் அத்தியாயத்தில் நள்ளிரவுச் சவக்காலையில் நிகழும் கொலையேயாகும்.

மிசிசிப்பி நதிக்கரையில் ஒரு சிற்றூர். தாயை இழந்த ரொம் தன் பெரியம்மா பொலியின் வீட்டில் வளர்கிறான். அவன் தோழன் ஹக், ஊர்க் குடிகாரனின் மகன். வீடு வாசல் இல்லாதவன். செத்த பூனையைச் சவக்காலைக்குக் கொண்டுபோய் ஒரு மந்திரத்தைச் சொன்னாற் பாலுண்ணி உதிர்ந்துவிடும் என்று நம்பி இருவரும் பாதி இரவிற் புறப்படுகின்றனர். அங்கே மூவர் வருகின்றனர். றொபின்சன் என்னும் இளம் வைத்தியர், புதைத்த பிணமொன்றைத் தோண்டி எடுப்பதற்காக மஃப் பொட்டர் என்னும் குடிகாரனையும் இஞ்சன் ஜோ என்பவனையும் கூலிக்கு அழைத்து வந்திருக்கிறார். கூலி பற்றித் தகராறு எழுகிறது. ஜோவின் நெஞ்சிலோ ஐந்தாண்டுப் பழைய வஞ்சம். கைகலப்பில் வைத்தியரிடம் அடிபட்டுப் பொட்டர் நினைவிழந்து விழ, ஜோ அவனுடைய கத்தியாலேயே வைத்தியரைக் குத்திக் கொன்று, அக்கத்தியைப் பொட்டரின் கையிலேயே வைத்து விடுகிறான். மயக்கந் தெளிந்த பொட்டர் தானே கொன்றதாக நம்பி, “ஒருவருக்குஞ் சொல்லாதே” என்று கொலைகாரனையே கெஞ்சுகிறான்! கொலையைக் கண்டவர்கள் மரங்களின் பின்னே பதுங்கியிருந்த இரு சிறுவர் மட்டுமே.

ஓட்டம் பிடித்த சிறுவர் பாழடைந்த தோல் பதனிடும் கொட்டிலொன்றில் ஒளிந்து, வாய் திறப்பதில்லை என்று ஒரு பலகைத் துண்டிற் சத்தியம் எழுதி, பெருவிரலைக் குத்தி இரத்தத்தாற் கையொப்பமிடுகின்றனர். வெளியே ஒரு நாய் ஊளையிடுகிறது. நாயின் ஊளை சாவைக் குறிக்கும் என்று அவர்கள் நடுங்குவதைப் படிக்கையில், இந்த நம்பிக்கை கடல் கடந்தும் இருக்கிறதே என்று நம் பாட்டிமார் வியந்திருப்பர்.

சிறுவர் ஏன் மௌனமாயினர்? அச்சமே காரணம் என்பது வெளிப்படை. ஆயினும் பெரியவர்களின் நடத்தையையும் ஆசிரியர் ஓசைப்படாமற் காட்டிச் செல்வதை நாம் கவனிக்க வேண்டும். மறுநாள் ஊரே திரண்ட இடத்தில் ஜோ சலனமின்றிப் பொய்ச் சாட்சி சொல்கிறான். அவன் தலையில் இடி விழும் என்று சிறுவர் எதிர்பார்க்கின்றனர், விழவில்லை. பிணத்தை வண்டியில் ஏற்றும்போது காயத்திலிருந்து சிறிது இரத்தம் கசிந்ததாம். கொலைகாரன் அருகே நின்றாற் காயம் கசியும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பிணத்தைத் தூக்கியவன் ஜோ. பொட்டரோ சற்றுத் தள்ளி நின்றவன். ஊராரோ பொட்டர்தான் அண்மையில் நின்றான் என்று திருப்தியடைந்து கலைகின்றனர்! பிணம் தோண்டியதற்காக ஜோவைத் தண்டிக்க வேண்டுமென்று ஊருக்கு ஆத்திரம் உண்டு. முன்னின்று அவனைப் பிடிக்க ஒருவருக்குந் துணிவில்லை. வளர்ந்த ஆண்மக்கள் பலர் ஒருவனுக்கு அஞ்சி ஒதுங்கும் ஊரில் ஒரு பாலகன் வாய் திறக்கவில்லை என்று குறை கூறுவது எங்ஙனம்?

நூலில் நாம் மிகவும் நயந்த பகுதி பதினோராம் அத்தியாயம். சொல்லாத இரகசியம் ஒரு பிள்ளையின் உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆசிரியர் அங்கே ஒரு தாதியின் கண்கொண்டு பார்க்கிறார். ரொம் உறக்கத்திற் புரண்டு இரத்தம், இரத்தம் என்று பிதற்றுகிறான். கூடப் படுக்கும் தம்பி சிட், காலையுணவின் போது இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி விடுகிறான். ரொம்மின் முகம் வெளிறுகிறது. பெரியம்மாவோ, அந்தப் பயங்கரக் கொலைதான் காரணம், எனக்கும் அதே கனவுதான் வருகிறது என்று சொல்லி விடயத்தை முடித்து விடுகிறாள். பிள்ளைமீது உயிரையே வைத்திருப்பவள் அவள். கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பிறகு ரொம் பல்வலி என்று பாசாங்கு செய்து, இரவில் உளறாதிருக்கத் தாடையைத் துணியாற் கட்டிக்கொண்டு ஒரு வாரம் படுக்கிறான். அவன் உறங்கியதும் சிட் அந்தக் கட்டை மெல்ல அவிழ்த்து, முழங்கையை ஊன்றிக் காது கொடுத்துவிட்டு, மீண்டும் கட்டி விடுகிறான்! பாடசாலைச் சிறுவர் செத்த பூனைகளை வைத்து மரண விசாரணை விளையாடுகின்றனர். எந்த விளையாட்டிலும் முந்திக் கொள்ளும் ரொம், இந்த விளையாட்டில் விசாரணை அதிகாரியாகவும் வரமாட்டான், சாட்சியாகவும் நிற்கமாட்டான். இதைக் கவனித்தவனும் சிட்தான். வீட்டுக்கு வீடு ஒரு சிட் உண்டு. அவன் சொல்வதைக் கோள் என்று முழுக்கத் தள்ளிவிடுவதும் சரியன்று போலும்.

ரொம்மின் மனச்சாட்சி கண்டுபிடித்த வழி விசித்திரமானது. மறியற்சாலையிற் கிடக்கும் பொட்டருக்கு யன்னற் கம்பிகளூடாகப் புகையிலையும் தீக்குச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஊர்ப் பிள்ளைகளின் பட்டங்களைத் திருத்திக் கொடுத்தவன் பொட்டர். நல்ல மீன் கிடைக்கும் இடங்களைக் காட்டியவன். எல்லோரும் என்னை மறந்து விட்டார்கள், நீங்கள் இருவருமே மறக்கவில்லை என்று அவன் நன்றி சொல்கிறான். ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி முகத்தைக் காட்டச் சொல்கிறான். உங்கள் சிறிய கைகள் கம்பிக்கிடையில் நுழையும், என் கை நுழையாது என்கிறான். தன்னைத் தூக்குமரத்திலிருந்து இறக்கக்கூடிய ஒரு சொல் அக்கைகளுக்குரியோரிடமே இருக்கிறது என்பதை அவன் அறியான். ஏச்சுப் பேச்சுக்கு அசையாத ரொம்மை அந்த நன்றிதான் உடைத்து விடுகிறது.

நியாயஸ்தலக் காட்சியை முழுவதுஞ் சொல்லி வாசிப்போரின் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம். எதிரியின் அப்புக்காத்து சாட்சிகள் எவரையும் குறுக்கு விசாரணை செய்யாது விட, சபையோர் முணுமுணுக்கின்றனர். பின்னர் யாரும் எதிர்பாராத விதமாக ரொம்மின் பெயர் அழைக்கப்படுகிறது. ஜோவின் இரும்பு முகத்தைக் கண்டதும் அவன் நா எழவில்லை. கூட யாரோ வந்ததாக அவன் சொல்லத் தொடங்கியதும், அந்தப் பெயர் இப்போது வேண்டாம் என்று அப்புக்காத்து தடுத்து விடுகிறார். ஹக்கை அச்சபையில் அம்பலப்படுத்தாது காத்த அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பெயரற்ற அந்த அப்புக்காத்தை நாம் மெச்சுகிறோம். ரொம் முதல்நாள் இரவு இரகசியமாய்ப் போய் உண்மையைச் சொன்னது இவரிடந்தான், பெரியம்மாவிடம் அன்று. இதனைப் பெற்றோர் சற்று நின்று படிக்க வேண்டும்.

சொல்லிவிட்டால் எல்லாம் சுபம் என்று ஆசிரியர் பிள்ளைகளை ஏமாற்றவில்லை. கொலைகாரன் யன்னலாற் பாய்ந்து தப்பி விடுகிறான். பகலில் ரொம் ஊருக்கு வீரன். பத்திரிகையிலும் அவன் பெயர். இரவிலோ ஒவ்வொரு கனவிலும் ஜோ. சத்தியத்தை மீறிவிட்டானே என்று ஹக்குக்கு மனிதர்மீதே நம்பிக்கை போய்விடுகிறது. ஊர் பரிசு அறிவிக்கிறது. செயின்ட் லூயிசிலிருந்து ஒரு துப்பறிபவர் வந்து தலையை ஆட்டி, ஒரு தடயம் கிடைத்தது என்று சொல்லிப் போகிறார். தடயத்தைத் தூக்கிலிட முடியாதே என்று ஆசிரியர் நகைக்கிறார்.

இவையனைத்தையும் விட நம் மனத்தில் நின்றது ஹக்கின் கட்டம். ஒரு விதவை மாதுக்குக் கொடுமை செய்ய ஜோ திட்டமிடுவதை இருளில் அவன் கேட்க நேரிடுகிறது. ஓடிப்போவதே அவன் முதல் எண்ணம். அம்மாது தன்னிடம் அன்பு காட்டிய நாள்கள் நினைவுக்கு வர, மலையிறங்கி ஓடி, வேல்ஸ் நாட்டுக் கிழவர் ஒருவரின் கதவைத் தட்டுகிறான். பெயரைக் கேட்ட கிழவர், பல கதவுகளைத் திறக்கக்கூடிய பெயர் இதுவன்று என்கிறார், ஆயினும் திறக்கிறார். சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று மன்றாடிவிட்டு ஹக் விடயத்தைச் சொல்கிறான். கிழவரும் இரு புதல்வரும் ஆயுதத்தோடு விரைய, அம்மாது காப்பாற்றப்படுகிறாள். விடியுமுன் ஹக் மீண்டும் வந்து அதே கதவைத் தட்டுகிறான். இப்போது கிழவர் சொல்கிறார்: இரவிலும் பகலிலும் இவ்வீட்டுக் கதவைத் திறக்கக்கூடிய பெயர் இது. அப்படி ஒரு வரவேற்பை ஹக் தன் வாழ்நாளிற் கேட்டதில்லை. அன்று காலை அவன் மீதி உண்மையையும் கிழவரின் காதிற் குனிந்து சொல்லிவிடுகிறான். முதலிற் சோறும் படுக்கையும் தருவதாகச் சொன்னார். அவன் களைப்பைக் கண்டு இரங்கினார். கேள்விகள் பின்னர் வந்தன. பிள்ளையிடம் உண்மையைப் பெறுவதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நாம் வேறு நூலிற் கண்டதில்லை.

ஆசிரியர் இவற்றைக் கற்பனையால் மட்டும் எழுதினார் அல்லர். 1835 இல் பிறந்த அவர் வளர்ந்தது மிசூரி மாநிலத்து ஹனிபால் என்னும் ஆற்றங்கரை ஊர். தந்தை அங்கே சமாதான நீதவான். 1845 இல் அவ்வூர் வீதியில் ஒரு வணிகர் வேறொருவரைச் சுட்டுக் கொன்றார். ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்த ஆசிரியர் அம்மனிதர் இறந்ததைக் கண்ணாற் கண்டார். சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தவர் அவர் தந்தையே. வேறொரு சமயம் பாடசாலைக்குப் போகாது ஊர் சுற்றியவர், வீட்டில் அடி விழும் என்று தந்தையின் அலுவலகத்திற் படுக்கப்போய், நிலவொளி மெல்ல நகர்ந்துவர, குத்துண்டு இறந்த ஒருவரின் உடல் தரையிற் கிடப்பதைக் கண்டு யன்னலாற் பாய்ந்தோடிய கதையை 1869 இல் வெளியான தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். ரொம்மின் உறக்கமற்ற இரவுகள் எங்கிருந்து வந்தன என்று இனி நாம் வினவ வேண்டியதில்லை.

நூலில் ஒரு குறையும் உண்டு. கொலைகாரனைச் செவ்விந்தியக் கலப்பினத்தவனாகப் படைத்து, அவன் கொடுமைக்கு அவன் இரத்தமே காரணம் என்ற தொனியில் ஆசிரியர் எழுதுகிறார். அவன் பெயரிலுள்ள ‘இஞ்சன்’ என்பதே அம்மக்களை இழித்துரைக்கும் சொல். அக்காலத்து வெள்ளையர் மனப்பான்மை அது. படிக்கும் மாணவருக்கு வீட்டிலுள்ளோர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஓர் இனத்தைக் குற்றப்பரம்பரையாகக் காட்டுவதன் தீமை நமக்கு விளங்காததன்று.

இதே விடயத்தை மறுபுறத்திலிருந்து காட்டும் ஒரு திரைப்படத்தையும் குறிப்பிடுவோம். கோர்னல் வூல்ரிச் 1947 இல் எழுதிய சிறுகதையைக் கொண்டு 1949 இல் வந்த ‘யன்னல்’ என்னும் அமெரிக்கப் படம் அது. நியூயோர்க்கில் புழுக்கமான ஓர் இரவில், மாடிக்கு வெளியேயுள்ள இரும்புப் படித் தட்டிற் படுத்திருந்த ரொமி என்னும் சிறுவன், மேல்வீட்டார் ஒரு கப்பலோட்டியைக் கொல்வதைக் கண்டு விடுகிறான். ரொம்மைப் போல் இவன் மௌனஞ் சாதிக்கவில்லை. உடனே தாயிடம் சொல்கிறான், தந்தையிடம் சொல்கிறான், பொலீசிடமும் சொல்கிறான். முன்பு பல கட்டுக்கதைகளைச் சொன்னவன் என்பதால் எவரும் நம்பவில்லை. அதற்கு மேலும் ஒரு படி போய், அயலாரைப் பழித்தாயே, மன்னிப்புக் கேள் என்று தாய் அவனைக் கொலைகாரியின் வாசலுக்கே அழைத்துச் செல்கிறாள்! அந்தக் கட்டத்தில் நம் கைகள் குளிர்ந்துவிட்டன. நல்ல தாய்; ஒழுங்கான வளர்ப்பு; பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மட்டும் பயங்கரம். பொய் சொல்லும் பிள்ளைக்குப் புலி வந்த கதையைச் சொல்லி வளர்க்கும் நாம், அன்று புலி உண்மையாகவே வந்தது என்ற பகுதியை விரைவாகச் சொல்லி முடித்து விடுகிறோம்.

பிள்ளையின் சொல் நீதிமன்றில் ஏறுமா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 118 ஆம் பிரிவில் வயதெல்லை எதனையும் வகுக்கவில்லை. கேள்வியை விளங்கி அறிவுக்குப் பொருந்த மறுமொழி சொல்ல முடியாத அளவுக்கு இளையவர் என்று மன்று கருதினாலன்றி, பிள்ளையும் தகுந்த சாட்சியே.

ரொம் சோயரைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் தாமே படிக்கலாம். பேச்சு வழக்கு ஆங்கிலம் நிறைந்திருப்பதால் முதல் இருபது பக்கங்கள் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். அதற்கஞ்சிச் சுருக்கப் பதிப்பை வாங்க வேண்டாம், தாடைக்கட்டும் சிட்டும் அதிற் காணாமற் போயிருப்பார்கள். இளையோருக்குப் பெரியவர் ஒருவர் உடனிருந்து 9, 10, 11 ஆம் அத்தியாயங்களையும், பின் 23, 24, 29, 30 ஆம் அத்தியாயங்களையும் வாசித்துக் காட்டலாம். ஒன்பதாவதைப் பகலிலே வைத்துக் கொள்வது உசிதம். குகைக்குள் ஜோவுக்கு நேரும் முடிவைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதாயில்லை. அதைப் படித்தபின் ரொம்முக்கு வந்த இரக்கம் உங்கள் பிள்ளைக்கும் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.