‘சில்லி’ என்னுஞ் சொல்

ஆங்கிலத்திலே ‘சில்லி’ என்னுஞ் சொல்லுக்கு மாணாக்கர் யாவரும் ‘மூடத்தனமான’ என்றே பொருள் கூறுவர். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்னுருவம் மகிழ்ச்சியையும் இறையருளையும் உணர்த்திற்று. ஜேர்மன் மொழியிலுள்ள அதன் உறவுச்சொல் இன்றும் பேறுபெற்றோரையே குறிக்கின்றது. ஆங்கிலமோ வேறு வழிச் சென்றது. அருள்பெற்றவன் கள்ளமற்றவனானான், கள்ளமற்றவன் இரங்கத்தக்கவனானான், பின் வலியற்றவன், ஈற்றில் அறிவிலி. சூதறியாதவனை உலகம் மதிக்கும் வகை இதுதான் போலும்!

மில்டன் 1629ஆம் ஆண்டில் இயேசுவின் பிறப்பைப் பாடியபோது, இடையரின் எண்ணங்களுக்கு இச்சொல்லையே அடையாக இட்டார். அங்கே பொருள் கள்ளமின்மை, எளிமை. இன்றைய பொருளோடு படிப்பவன், கவிஞர் அவ்வேழைகளை எள்ளினாரென மயங்குவான். பழியை அவன்மேற் சுமத்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருளென நாம் எழுதுவிக்கும் கொப்பிகளே அவனை ஏமாற்றின.

நம்மொழியிலும் இவ்விடர் உண்டு. ‘வெகுளாமை’ என அதிகாரம் வகுத்து வள்ளுவர் கடிந்தது சினத்தை. இன்றோ வெகுளி என்பான் சூதறியாதவன். உரையோடு பாடங்கேட்டமையால் அங்கே தப்பினோம். ஆங்கிலச் செய்யுள் கற்போருக்கும், எக்காலத்தில் எப்பொருளென ஆண்டுடன் காட்டும் ஒக்ஸ்போட் பேரகராதி நூல்நிலைய அலுமாரிப் பூட்டினுள் இராது, கையெட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும்.