தெர்மாகோல் பட்டாம்பூச்சி பறக்காது

பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரலாம். டீச்சர் திட்டுவது உங்களுக்குப் புதிதா என்ன?

ஒரு வாரமாக நம் குரூப்பில் ஒரே போட்டோதான். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி புராஜெக்ட்டாம். தெர்மாகோல் தட்டு, ஜவ்வரிசியில் முட்டை, பச்சை உல்லன் உருண்டையில் புழு, ஜிகினாக் காகிதத்தில் சிறகு, நடுவே நாலு அம்புக்குறி. செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. ராத்திரி 11 மணிக்குப் போட்டோ போட்டால் எனக்குத் தெரியாதா?

நேராகவே சொல்கிறேன். இதில் பிள்ளை ஒன்றும் கற்கவில்லை. பள்ளிக்கூடம் இதைக் கேட்பதை நிறுத்த வேண்டும். நீங்கள் செய்து கொடுப்பதையும் நிறுத்த வேண்டும்.

வாழ்க்கைச் சுழற்சி என்றால் நாள் கணக்கு. காத்திருந்து பார்க்கிற பாடம் அது. சார்ட்டில் முட்டைக்கும் புழுவுக்கும் நடுவே ஓர் அம்புக்குறிதான் இருக்கும். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் அதற்கு மூன்று, நாலு நாள் ஆகும். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி வந்து கொழுந்தில் கடுகளவு முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். வெளியே வரும் புழு பார்க்கக் காக்கை எச்சம் மாதிரி இருக்கும். எச்சத்தை எந்தக் குருவியும் கொத்தாது, அதுதான் அதன் தந்திரம். வளர்ந்தால் இலைப் பச்சை நிறம். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு நெடியும் அடிக்கும். பிறகு ஒரு நூலால் தன்னையே குச்சியில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதம். செலவு ஒரு பைசா இல்லை.

அந்தப் புழுவை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இலையைத் தின்கிறது என்று மருந்தடித்துக் கொல்கிறீர்கள். அப்புறம் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துத் தெர்மாகோல் வாங்கிப் பிள்ளைக்குப் புழு செய்து கொடுக்கிறீர்கள். இதைவிட வேடிக்கை உண்டா?

புழு கடிக்கும், அரிக்கும் என்பீர்கள். மயிர் உள்ள கம்பளிப்புழு பட்டால் அரிக்கும்தான், அதைத் தொடவிடாதீர்கள். கறிவேப்பிலைப் புழுவுக்கு மயிரே கிடையாது. எல்லாப் புழுவையும் ஒரே பெயர் சொல்லி மிரட்டாதீர்கள். யூடியூபில் காட்டினால் போதாதா என்பீர்கள். ஒரு மாதத்தை அது இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிடும். நாளைக்கு என்ன ஆகுமோ என்று பிள்ளை ஒரு ராத்திரியாவது நினைத்துக்கொண்டு தூங்க வேண்டாமா?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பெயர் மாறினாலும் பிள்ளை தானே செய்து கற்க வேண்டும் என்பதுதான் இரண்டிலும் அடிப்படை. அப்பா செய்த மாடலுக்குப் பிள்ளைக்கு மார்க் போடுவது எந்த வழிக் கற்றல்? தவளைப் பாடம் நடத்தும்போது தலைப்பிரட்டையின் வால் 'விழுந்துவிடும்' என்று இன்னமும் சிலர் சொல்வதைக் கேட்கிறேன். வால் விழாது. உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் கிரிவலப் பாதை ஓரத்துக் குட்டையைப் பத்து நாள் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை. கொசுவுக்கும் இதே நாலு நிலைதான். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று உங்கள் பிள்ளை ஒப்பிக்கும். ஆனால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை ஒரு நாளாவது பார்த்திருக்கிறதா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒரு முறை தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்யச் சொல்வது அதனால்தான். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிக்கும். இந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டில் எல்லோரையும் விரட்டிப் பாத்திரம் கழுவ வைக்கும். படம் வரைந்த பிள்ளை பத்து மார்க் வாங்கும். காய்ச்சல் மார்க் பார்த்து வருவதில்லை.

இன்னொன்று. எந்தச் சார்ட்டிலும் சாவு இருக்காது. முட்டை வைத்ததெல்லாம் பட்டாம்பூச்சி ஆகிவிடும். என் வகுப்பில் ஒரு வாண்டு கேட்டது, "டீச்சர், இதுல செத்துப்போறது எங்க?" சரியான கேள்வி. ஒரு தாய் 100 முட்டை வைத்தால் சராசரியாக 2 பிழைத்தாலே கூட்டம் குறையாது. மீதி 98 எறும்புக்கும் குளவிக்கும் குருவிக்கும் போகும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். புழுவை ஒழித்துவிட்டு, குருவியைக் காணோமே என்று குரூப்பில் கவிதை போடுகிறீர்கள்.

சாவைப் பற்றிக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று பயப்படவே வேண்டாம். நம் பேட்டைப் பிள்ளைகள் ஆசிரமத்துக்குள் எத்தனை முறை ஓடி விளையாடியிருப்பார்கள்! 1948 ஜூன் 18 அன்று இறந்த பசு லட்சுமிக்கு அங்கே சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நிதானமாகக் கேட்டுக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கறிவேப்பிலையோ எலுமிச்சையோ ஒரு செடிக்கு மருந்தடிக்காமல் விடுங்கள். இடம் இல்லாதவர்கள் ரோட்டோர எருக்கைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு அதில் இருக்கும். எருக்கம்பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை கையில் ஒரு நோட்டு, தினமும் தேதி, பார்த்தது இரண்டு வரி. புழு ஒரு நாள் காணாமல் போனால் 'காணோம்' என்று எழுதட்டும். அதுவும் பாடம்தான்.

புராஜெக்ட் கேட்கும் பள்ளிக்கு அந்த நோட்டையே கொடுத்தனுப்புங்கள். மார்க் குறைத்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே வந்து பேசுகிறேன். இனிமேல் குரூப்பில் தெர்மாகோல் போட்டோவுக்கு என்னிடமிருந்து லைக் கிடையாது. கோணல்மாணலாக எழுதிய நோட்டுப் பக்கத்தைப் போடுங்கள், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை