டேமேஜர் என்னும் விசா ஆபீசர்

தங்கமணிக்குப் பத்து வருசமா சொல்லிட்டிருக்கிற பாரிஸ் (பாரிஸ் கார்னர் இல்லீங்க, நெசமான பாரிஸ்). இந்த வாட்டி போயே தீர்றதுன்னு ஷெங்கன் டூரிஸ்ட் விசாவுக்குப் பேப்பர் சேர்க்க ஆரம்பிச்சேன். பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள சீட்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத இன்சூரன்ஸ் எல்லாம் ரெண்டே நாள்ல ரெடி. மூணு வாரமா வராதது ஒண்ணுதான், ஆபீஸ்ல லீவு கொடுத்ததுக்கான லெட்டர்.

அதைக் கேக்குறது தப்பில்லை. போறவன் திரும்பி வருவானாங்கிறதுதான் விசா கொடுக்கிறவங்க கவலை. இன்ன தேதிக்கு வேலைக்கு வரணும்னு கம்பெனியே எழுதிக் கொடுத்தா அதைவிட சாட்சி ஏது?

என் கோவமெல்லாம் நம்மாளுங்க மேலதான். டேமேஜரோ "மொதல்ல விசா வரட்டும், அப்புறம் லீவு பாக்கலாம்"ங்கிறார். ஹெச்.ஆரோ டேமேஜர் மெயில் இல்லாம லெட்டர் கிடையாதுங்கிறாங்க. பயணத்துக்கு 15 நாள் முன்னாடியாவது மனு போட்டாகணும். கட்டுற 90 யூரோ (2024 ஜூன் வரைக்கும் 80தான்) விசா மறுத்தா திரும்பியும் வராது. நான் கேக்குறது சலுகை இல்லை சாமி, சேர்த்து வெச்ச என் லீவு!

லெட்டரை நாமளே அடிச்சுக்கலாமேன்னு ஒரு ஃப்ரெண்டு ஐடியா கொடுத்தான். வேணவே வேணாம் மக்களே. போலிப் பேப்பர்னு மறுத்தா அந்த விவரம் ஷெங்கன் நாடுகளோட பொதுப் பதிவுல அஞ்சு வருசம் வரைக்கும் நிக்கும்.

நாளைக்கு மறுபடி டேமேஜர் சீட்டுக்குப் போகணும். வீட்டுல, பிரான்ஸ்காரன்தான் லேட் பண்றான்னு சொல்லி வெச்சிருக்கேன். ஹி ஹி.