இரு வேடங்கள்

பிறப்பை மறைத்து வேறோர் இனத்தவராக வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், 'ஆள்மாறாட்டம்' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் அடைத்துவிடுகிறோம். அமெரிக்க இலக்கிய உலகைச் சேர்ந்த இருவரை அருகருகே வைத்துப் பார்த்தால் அச்சொல் போதாதென்பது விளங்கும்.

முதலாமவர் அனடோல் பிராயர்ட். 1920-இல் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினக் கிரியோல் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் புகழ்பெற்ற நூல் விமர்சகர். வெளிர்நிறம் துணைநிற்க வெள்ளையராகவே வாழ்ந்தார். 1990-இல் அவர் இறக்கும் தறுவாயில்தான் பிள்ளைகள் உண்மையை அறிந்தனர். அதையும் சொன்னவர் அவருடைய மனைவியே.

மற்றவர் ஃபாரஸ்ட் கார்ட்டர். 1976-இல் வெளியான 'லிட்டில் ட்ரீயின் கல்வி' என்னும் நூலை, செரோக்கி பழங்குடிச் சிறுவனாகத் தாம் வளர்ந்த கதையென்று முன்வைத்தார். உண்மையில் அவர் ஏஸா கார்ட்டர் என்னும் அலபாமா வெள்ளையர். கூ க்ளக்ஸ் கிளானில் இருந்தவர். நிறப்பிரிவினை என்றென்றும் நிலைக்கும் என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1963-இல் முழங்கிய பதவியேற்பு உரையை எழுதியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1979-இல் மறைந்தார். 1991-இல் அந்நூல் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த வேளையில் வேடம் கலைய, நியூயார்க் டைம்ஸ் தன் பட்டியலில் அதைப் புனைவுப் பிரிவுக்கு மாற்றியது.

இருவரும் பொய்யர்கள் என்று சமன் செய்துவிட முடியுமா? ஒரு துளி கறுப்புக் குருதி இருந்தாலும் கறுப்பரே என்று விதித்த சமூகத்தில், 'கறுப்பின எழுத்தாளர்' என்ற அடைமொழியின்றி எழுத்தாளராக மட்டும் இருக்கவே பிராயர்ட் விரும்பினார். வெள்ளையர் எவரும் கேட்காமலேயே பெறும் உரிமை அது. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. கறுப்பராக வாழ்ந்த உடன்பிறந்தாளிடமிருந்து விலகி நின்றார். ஊரே எதிர்பார்த்த நாவலை அவர் முடிக்கவேயில்லை. சொந்த வாழ்வைத் தொடமுடியாதவனுக்கு நாவல் எங்கிருந்து வரும்?

கார்ட்டரோ எதையும் இழக்கவில்லை. 1838-இல் படையினரால் மேற்கே விரட்டப்பட்ட ஒரு மக்களின் துயரை எடுத்துத் தம் பெயரில் எழுதிக்கொண்டார். 'நூல் நன்றாகத்தானே இருக்கிறது' என்பார் உண்டு. அதிலுள்ள செரோக்கிச் சொற்களும் வழக்கங்களும் தவறானவை என்று செரோக்கியரே சுட்டியிருக்கின்றனர். வாசகர் அதைக் கவனிக்கவில்லை. காடறிந்த, சினமறியாத பழங்குடியையே அவர்கள் விரும்பினர். கார்ட்டர் அதை வழங்கினார்.

ஆகவே, வேடமிட்டவரை விசாரிக்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். அந்த வேடத்தால் யார் வாய் அடைபட்டது? அதை நம்புவதில் நமக்கு என்ன இன்பம் இருந்தது? இரண்டாவது வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வாசகர்களாகிய நாமே.