தாயும் மாணாக்கியும்

மருத்துவிச்சிக் கல்வி பயிலப் புகும் தாயைக் கண்டு, ‘பிள்ளைகளின் படிப்புக் கெடும்’ என்பார் பரந்தனிலும் உளர். இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை பள்ளிக் கல்வி கட்டாயமே. எனினும் மாலையில் ஏடு விரித்துப் பாடங் கேட்பது வீட்டிலன்றோ? அப்பொறுப்பு முழுவதும் தாய்க்கே உரியதென விதித்தவர் யார்?

1940-களின் முற்பகுதியில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இன்று அத்தொகை ஐம்பதிற்கும் குறைவு. வீடுதோறும் சென்ற மருத்துவிச்சியர் இதற்குப் பெருங்காரணர். தமிழுக்கும் இக்கல்வி புதிதன்று. மருத்துவர் கிறீன் 1857-இலேயே பிரசவ நூலொன்றைத் தமிழாக்கினார்.

ஆகலின், அவள் பயிலுங் காலத்தில் பிள்ளைகளின் பாடத்தைத் தந்தை ஏற்பானாக. வாய்பாடு சொல்லிக்கொடுக்க அவனுக்கும் வாயுண்டு.