வலியறிந்து ஆற்றல் கூட்டுக

இக்காலத்து இளைஞர் பலர்க்கு மோட்டார் வண்டியின்மீது பெருவிருப்பம் உண்டு. தொழிற்சாலை அளித்த குதிரைத்திறன் போதாதென்று, அதனை இருமடங்காகவும் மும்மடங்காகவும் பெருக்க முயல்கின்றனர். அம்முயற்சியைப் பழிக்க யான் வரவில்லை. ஆற்றலைக் கூட்டுமுன் அதனைத் தாங்கும் சுவரை வலிதாக்குக என்பதே என் வேண்டுகோள். தமிழ் பயில்வோனுக்கு எஞ்சினைப்பற்றி என்ன பேச்சு என்று நகைப்பார்க்கு, எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்ததே விடையாகும்.

என் அத்தான் ஒருவர் வளைகுடா நாட்டில் ஆறாண்டு உழைத்து ஈட்டிய பொருளால் பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் டர்போ பொருத்த எண்ணினார். நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர், "மக்களே, முதலில் ஸ்லீவ் போடு, வேகத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றார். அத்தான் அதற்குச் செவிசாய்த்திலர். மூன்றாம் மாதம் சிலிண்டர்ச் சுவர் பிளந்தது. எண்ணெயில் நீர் கலந்தது. ஆறாண்டு உழைப்பிற் பெரும்பகுதி அன்றே கரைந்தது.

இதன் காரணம் யாது? எரிபொருள் எரியுங்கால் எழும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுவதோடு சுவரையும் வெளிநோக்கித் தள்ளுகின்றது. கனெக்டிங் ராடு சாய்ந்து இயங்குவதால் பிஸ்டனும் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துகின்றது. டர்போ காற்றை நெருக்கிப் புகுத்தும்போது இவ்விரு விசைகளும் மிகுகின்றன. வட்டத்துளை கோணினால் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு பொருந்தா; நாளடைவில் சுவரே வெடிக்கும். ஹோண்டாவின் டி, பி வகை அலுமினிய எஞ்சின்களில் சிலிண்டரின் மேல்விளிம்பைச் சுற்றி நீரோடும் பள்ளம் திறந்தே கிடப்பதால், அவ்விடத்துத் தாங்கல் குறைவு. பெரிய பிஸ்டன் இடுவதற்காகத் துளையை அகலமாக்குவோர், வலிமை வேண்டிய சுவரையே மேலும் மெலிவிக்கின்றனர்.

பழஞ்சுவரைக் கடைந்தெடுத்து, உறுதி மிக்க இரும்பு ஸ்லீவை இறுகப் பொருத்துவதே இதற்கு மருந்து. பிளாக்கைச் சூடாக்கியும் ஸ்லீவைக் குளிர்வித்தும் இறக்குவர். பின்னர்த் துளையை அளவாகக் கடைந்து ஹோனிங் செய்வர். மேல்விளிம்பு அகன்ற ஸ்லீவுகள், திறந்து கிடக்கும் பள்ளத்தையும் அடைத்து ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

செலவு மிகுதி என்பர் சிலர். உண்மையே. சிறிதளவு ஆற்றல் கூட்டுவோர்க்கு இது வேண்டுவதில்லை. பிழையாகப் பொருத்திய ஸ்லீவ் பழஞ்சுவரினும் கேடு தரும். ஆயினும் ஆற்றலை இருமடங்காக்க விரும்புவோன் இச்செலவைத் தவிர்த்தல், அடித்தளமின்றி மாடி எழுப்புதலை ஒக்கும்.

இக்கலை நமக்குப் புதிதன்று. சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949-இல் தோன்றியது. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்கள் அமைத்தார். நம் மாவட்டத்துப் பட்டறைகளும் தேய்ந்த லாரி எஞ்சின்களுக்கு லைனர் மாற்றி உயிரளிக்கின்றன. பட்டம் பெறாத அக்கைகளின் அறிவை நாம் கேட்பதில்லை என்பதே குறை.

மெல்லிய மயிற்பீலியாயினும் அளவிறந்து ஏற்றின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தினார். மாட்டுவண்டிக்குச் சொன்னது மோட்டாருக்கும் பொருந்துமன்றோ? அத்தான் இப்பொழுது வேறொரு பிளாக் வாங்கி, அம்முதியவரிடமே ஸ்லீவ் போடக் கொடுத்திருக்கின்றார். நண்பர்காள், நீவிர் முதல்முறையே அங்குச் செல்லுமின்.